நோனிச் சாறு: விலை பழத்துக்கா, பேச்சுக்கா?

கொய்யாக் கூடைகளைச் சந்தையில் இறக்கி, தரகும் வண்டிக் கூலியும் போகக் கைக்கு வந்த பணத்தை மடியில் முடிந்துகொண்டு வீடு திரும்புகிறார் ஒரு விவசாயி. திண்ணையில் உறவுக்காரப் பையன் ஒருவன் காத்திருக்கிறான். அவன் பையில் கருஞ்சிவப்புச் சாறு நிறைந்த ஒரு புட்டி. "மாமா, சர்க்கரைக்கும் மூட்டு வலிக்கும் இதைவிட நல்ல சாமான் கிடையாது. காலையில் வெறும் வயிற்றில் இரண்டு மூடி குடித்தால் போதும். மூன்று மாதத்தில் மாத்திரையே வேண்டாம். விலை ஆயிரம். நம்ம வீடு என்பதால் தொள்ளாயிரம் கொடுங்கள்" என்கிறான். கொய்யா விற்ற பணம் அன்று மாலையே கை மாறிவிடுகிறது.

இது ஏதோ ஓர் ஊரின் கதை என்று தள்ளிவிட வேண்டாம். பல ஊர்த் திண்ணைகளில் நடக்கும் பேச்சு இதுதான். சில ஊர்களில் நோனி, சில ஊர்களில் மங்குஸ்தான், சில ஊர்களில் பெயர் வாயில் நுழையாத வேறு ஏதாவது ஒரு வெளிநாட்டுப் பழம். புட்டி மாறினாலும் பேச்சு மாறுவதில்லை. இவற்றுள் நம் பக்கம் அதிகமாக அறிமுகமான நோனிச் சாற்றை எடுத்துக்கொண்டு, அது என்ன, அதில் உள்ளது எவ்வளவு, கொடுக்கும் பணம் எங்கே போகிறது என்று பார்ப்பது பயன் தரும். ஏனெனில் இதில் பணம் மட்டும் போவதில்லை. சில வீடுகளில் மருந்தும் நின்றுபோகிறது.

நுணாவின் உறவு

புஞ்சைத் தரிசிலும் வரப்போரத்திலும் தானாக முளைத்து நிற்கும் நுணா மரத்தை அறியாத விவசாயி இருக்க முடியாது. மஞ்சணத்தி என்றும் சொல்வார்கள். கட்டையைச் சீவினால் மஞ்சளாக இருக்கும். பச்சைக் காயில் ஈர்க்குச்சி செருகித் தேர் கட்டி விளையாடிய நினைவு பெரியவர்கள் பலருக்கு இருக்கும்.

நோனி இந்த நுணாவுக்கு நெருங்கிய உறவு. தாவர நூலார் இரண்டையும் மொரிண்டா என்ற ஒரே பேரினத்தில் வைத்திருக்கிறார்கள். நோனியின் தாவரப் பெயர் மொரிண்டா சிட்ரிஃபோலியா. நுணாவைவிட இலை பெரிது. பழமும் பெரிது; ஓர் உருளைக்கிழங்கு அளவுக்கு வரும். பச்சையாக இருந்து மஞ்சளாகி, பழுத்ததும் வெளுத்துக் குழைந்துவிடும். அப்போது கெட்டுப்போன பாலைப் போன்ற வாடை வீசும். புட்டிச் சாற்றில் திராட்சைச் சாறு போன்ற வேறு சாறுகளைக் கலப்பதற்கு இந்த வாடையும் ஒரு காரணம்.

தென்கிழக்கு ஆசியாவிலும் பசிபிக் தீவுகளிலும் நம் அந்தமான் நிகோபார் கடலோரங்களிலும் நோனி வளர்கிறது. உவர் நிலத்தையும் தாங்கும். ஆண்டு முழுவதும் காய்க்கும். ஆக, இது இமயமலை உச்சியில் பத்து ஆண்டுக்கு ஒரு முறை பழுக்கும் அபூர்வப் பழம் அல்ல. பசிபிக் தீவு மக்கள் இதன் இலையைக் காயத்துக்கும் வீக்கத்துக்கும் வைத்துக் கட்டினார்கள். பழத்தைப் பெரும்பாலும் பஞ்ச காலத்தில்தான் உணவாகத் தின்றார்கள். சாற்றைப் புட்டியில் அடைத்து நாள்தோறும் அளந்து குடிப்பது பிற்காலத்து வழக்கமே.

பேச்சு பிறந்த விதம்

ஹவாய்த் தீவில் அன்னாசிப் பழ ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த ரால்ஃப் ஹைனிக்கி என்ற இரசாயன நிபுணர், 1985-ல் நோனியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 'ஸெரோனின்' என்ற ஒரு பொருள் உடலின் எல்லா வேலைகளுக்கும் ஆதாரம் என்றும், அந்தப் பொருளாக மாறக்கூடிய மூலச்சத்து நோனியில் நிறைய இருக்கிறது என்றும் அவர் சொன்னார். அன்று முதல் நோனி விற்பவர்கள் வாயில் எல்லாம் இந்தச் சொல்தான். ஆனால் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்து, அதன் அமைப்பு இன்னது என்று வேறு விஞ்ஞானிகள் எவரும் உறுதி செய்யவில்லை. மருத்துவப் பாடநூல்களில் அதற்கு இடமில்லை.

1996-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த மொரிண்டா நிறுவனம் தாஹிதித் தீவின் பெயரைச் சூட்டி நோனிச் சாற்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கடையில் வைத்து விற்கவில்லை. ஆள் பிடித்து, அந்த ஆள் இன்னும் சில ஆட்களைப் பிடித்து, ஒவ்வொருவர் விற்பனையிலும் மேலே உள்ளவருக்குப் பங்கு போகும் முறையில் விற்றது. ஒரு லிட்டர் சுமார் 40 டாலர். இரண்டே ஆண்டுகளில் வழக்கு வந்தது. அரிசோனா, கலிபோர்னியா, நியூஜெர்சி, டெக்ஸாஸ் ஆகிய நான்கு மாநிலங்களின் அரசு வழக்கறிஞர்கள், நோயைக் குணப்படுத்தும் என்று ஆதாரமின்றிச் சொல்வதாக நிறுவனத்தின் மீது குற்றம் சாட்டினார்கள். 1998-ல் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. நோய் தீர்க்கும், தடுக்கும் என்ற பேச்சை நிறுத்திக்கொள்வதாக ஒப்புக்கொண்டு, விசாரணைச் செலவுக்காக ஒரு லட்சம் டாலரும் கட்டியது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிறுவனம் அச்சிட்டுச் சொல்வது ஒன்று. திண்ணையில் உட்கார்ந்து விற்பவர் வாயால் சொல்வது வேறொன்று. அச்சில் வந்தால் சட்டம் பிடிக்கும். "எங்கள் பெரியப்பாவுக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது" என்று உறவினர் சொல்வதைச் சட்டம் எங்கே போய்ப் பிடிப்பது?

ஐரோப்பியர் ஆராய்ந்து சொன்னது

நோனிச் சாறு ஐரோப்பிய நாடுகளுக்குப் புதிய உணவு. புதிய உணவு எதையும் ஆராயாமல் அங்கே விற்க முடியாது. எனவே ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவு விஞ்ஞானக் குழு இதை ஆராய்ந்து 2002 டிசம்பரில் கருத்துத் தெரிவித்தது. அளவோடு குடித்தால் தீங்கில்லை என்றது. கூடவே, மற்றப் பழச்சாறுகளுக்கு மேலாக நோனிச் சாற்றில் சிறப்பான உடல்நலப் பயன் எதுவும் இருப்பதற்குச் சான்று இல்லை என்றும் கூறிவிட்டது. அதன் பிறகு 2003-ல் அங்கே விற்க அனுமதி கிடைத்தது. அனுமதி கிடைத்தது பழச்சாறாக, மருந்தாக அல்ல.

நம் ஊரில் விற்பவர்கள் இதில் பாதியை மட்டும் சொல்வார்கள். "ஐரோப்பாவே அங்கீகரித்த சாறு" என்பார்கள். மற்றப் பழச்சாற்றைவிட மேல் என்பதற்குச் சான்று இல்லை என்ற மறுபாதியைச் சொல்ல மாட்டார்கள்.

2005-ல் ஆஸ்திரியாவில் நோனிச் சாறு குடித்து வந்த சிலருக்குக் கல்லீரல் அழற்சி கண்டதாக மருத்துவர்கள் எழுதினார்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதையும் ஆராய்ந்து, சாறுதான் காரணம் என்று கொள்ளப் போதிய ஆதாரம் இல்லை என 2006-ல் தெரிவித்தது. ஆகவே நோனிச் சாறு விஷம் என்று சொல்வதும் தவறு. அது ஒரு பழச்சாறு, அவ்வளவே. குறை பழத்தில் இல்லை. அதன் மேல் ஏற்றிய பேச்சிலும் விலையிலும்தான் இருக்கிறது.

பரிசோதனைக் குழாயும் பயிர் வயலும்

இத்தகைய சாறுகளை விற்பவர்கள் அடிக்கடி சொல்லும் சொல் 'ஆன்டி ஆக்ஸிடன்ட்'. உடலில் உண்டாகும் சில கேடான துகள்களை மடக்கும் பொருள் என்று இதற்கு விளக்கம் சொல்வார்கள். அத்தகைய பொருள்கள் பழங்களிலும் கீரைகளிலும் இருப்பது உண்மை. எந்தப் பழத்தில் எவ்வளவு என்று பரிசோதனைக் குழாயில் அளந்து ஒரு பட்டியலை அமெரிக்க விவசாயத் துறை வெளியிட்டிருந்தது. சாறு நிறுவனங்கள் அதை எடுத்துக்கொண்டு, "எங்கள் பழத்துக்குத்தான் எண் பெரிது" என்று போட்டி போட்டன. 2012-ல் அத்துறை அந்தப் பட்டியலையே நீக்கிவிட்டது. குழாயில் கண்ட எண் மனித உடலில் நடப்பதைக் காட்டாது என்பதும், நிறுவனங்கள் அதைத் தவறாகப் பயன்படுத்துகின்றன என்பதும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள்.

விவசாயிக்கு இது புரியாத விஷயம் அல்ல. ஒரு மருந்து கண்ணாடிக் கிண்ணத்தில் புழுவைக் கொன்றது என்பதற்காக அதை யாரும் ஐந்து ஏக்கருக்கும் வாங்கித் தெளிப்பதில்லை. ஒரு பாத்தியில் தெளித்து, பக்கத்துப் பாத்தியைத் தெளிக்காமல் விட்டு, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே நம்புகிறோம். ஒரே மண், ஒரே இரகம், ஒரே தண்ணீர் என்று இருந்தால்தான் அந்த ஒப்பீடு செல்லும். மனிதர்களிடம் செய்யும் மருத்துவப் பரிசோதனையும் இப்படித்தான். ஒரு சாராருக்கு மருந்து, மறு சாராருக்கு மருந்தில்லாத ஒன்று, பிறகு ஒப்பீடு. சர்க்கரை வியாதியையோ புற்றுநோயையோ தீர்க்கும் என்று நோனிச் சாறு இத்தகைய பரிசோதனையில் நிலைநாட்டப்படவில்லை.

"குடித்தவர்களுக்குக் குணமாகியிருக்கிறதே" என்று கேட்கலாம். மூட்டு வலி ஏறும், இறங்கும். வலி அதிகமானபோதுதான் மனிதன் புதிய மருந்தைத் தேடுகிறான். பிறகு அது தானாகவே இறங்கும்போது பெயர் சாற்றுக்குப் போய்விடுகிறது. மழை வரும் நேரத்தில் உரம் போட்டவர், பயிர் பச்சை பிடித்ததற்கு உரத்தை மட்டும் புகழ்வது போன்றது இது.

சீட்டைத் திருப்பிப் பாருங்கள்

புட்டியின் முன்பக்கம் படம் இருக்கும். பின்பக்கம் சிறிய எழுத்தில் கணக்கு இருக்கும். வாங்குபவர் படிக்க வேண்டியது பின்பக்கத்தையே.

அமெரிக்காவில் மினிட் மெய்ட் என்ற பெயரில் கோகோ கோலா நிறுவனம் விற்ற ஒரு பானத்தின் முகப்பில் மாதுளை, புளூபெர்ரி என்று பெரிதாக எழுதியிருந்தது. பாம் ஒண்டர்ஃபுல் என்ற மாதுளைச் சாறு நிறுவனம் வழக்குத் தொடுத்தபோது அதன் கலவை ஊருக்குத் தெரிந்தது. மாதுளைச் சாறு நூற்றுக்கு 0.3 பங்கு. புளூபெர்ரி 0.2 பங்கு. மீதியில் 99.4 பங்கு ஆப்பிள் சாறும் திராட்சைச் சாறும். 2014-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இந்த வழக்கை நடத்தலாம் என்றது. ஆனால் 2016-ல் ஜூரிகள் கோகோ கோலா பக்கமே தீர்ப்புச் சொன்னார்கள். அதாவது, திருப்பிப் படிக்க வேண்டிய பொறுப்பு கடைசியில் வாங்குகிறவர் தலையிலேயே விழுந்தது.

வழக்குத் தொடுத்த மாதுளை நிறுவனமும் குற்றமற்றதாக இல்லை. தன் சாறு இருதய நோய்க்கும் புற்றுநோய்க்கும் நல்லது என்று செய்த விளம்பரங்களுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2013-ல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் அதன் மீதே தீர்ப்பளித்தது. மாதுளை நல்ல பழம் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. நல்ல பழத்தைக்கூட நோய் தீர்க்கும் மருந்தாக்கி விற்பதே தவறாகிறது.

நம் நாட்டில் சத்துப் பொருள் என்ற வகையில் விற்கப்படும் பொருள்களின் சீட்டில், இது மருத்துவப் பயனுக்கு உரியதல்ல என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும் என்பது விதி. அந்த வரி பெரும்பாலும் ஆங்கிலத்தில், சிறிய எழுத்தில் இருக்கும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லலாம். உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க உரிம எண்ணைக் காட்டி, "அரசாங்கமே ஒப்புக்கொண்டது" என்று சொல்பவர்களும் உண்டு. தயாரிப்பாளர் உணவு தயாரிக்க உரிமம் பெற்றவர் என்பதையே அந்த எண் காட்டும். அதனால் நோய் தீரும் என்று அதற்குப் பொருள் இல்லை.

ஒரு கணக்கு

புட்டி 750 மில்லி என்றும் விலை 1000 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 30 மில்லி குடித்தால் 25 நாளில் தீரும். அதாவது ஒரு வேளைக்கு 40 ரூபாய். ஆண்டுக்கு ஒருவருக்கு 14,600 ரூபாய். கணவனும் மனைவியும் குடித்தால் 29,200 ரூபாய். ஒரு கறவை மாட்டுக்கு முன்பணம் கொடுக்கப் போதுமான தொகை இது.

இந்த 30 மில்லியில் என்னதான் இருந்துவிட முடியும்? பழங்களில் வைட்டமின் சி சத்துக்குப் பேர்போனது நம் பெருநெல்லி. ஹைதராபாத்தில் உள்ள தேசிய உணவூட்ட நிறுவனம் 2017-ல் வெளியிட்ட அட்டவணைப்படி 100 கிராம் நெல்லியில் சுமார் 250 மில்லி கிராம் வைட்டமின் சி இருக்கிறது. புட்டிச் சாறு அந்த நெல்லிக்கே சமமான சத்துடையது என்று வாதத்துக்கு வைத்துக்கொண்டாலும், 30 மில்லியில் கிடைப்பது 75 மில்லி கிராம்தான். அதை ஒரே ஒரு பெருநெல்லிக்காய் கொடுத்துவிடும். அதற்கு யாரும் 40 ரூபாய் கேட்பதில்லை.

கொய்யாவும் சளைத்ததில்லை. அதே அட்டவணையில் 100 கிராம் கொய்யாவுக்கு 200 மில்லி கிராமுக்கு மேல் காட்டியிருக்கிறது. வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 80 மில்லி கிராமும், பெண்ணுக்கு 65 மில்லி கிராமும் போதும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் வகுத்திருக்கிறது. ஆக, ஒரு நடுத்தரக் கொய்யாப் பழத்தை இரண்டாக வெட்டிக் கணவனும் மனைவியும் தின்றால் இருவருடைய ஒரு நாள் தேவையும் தீர்ந்துவிடும். கொய்யா கிலோ 50 ரூபாய் என்றாலும், அந்த 40 ரூபாய்க்கு முக்கால் கிலோவுக்கு மேல் வரும். மேலும், பழமாகத் தின்னும்போது நார்ச்சத்தும் சேர்ந்து கிடைக்கிறது. சாறாகப் பிழிந்தால் நார் போய்ச் சர்க்கரை மட்டும் விரைவாக உள்ளே போகிறது. பழச்சாற்றில் உள்ள சர்க்கரையையும் குறைத்துக்கொள்ள வேண்டிய சர்க்கரைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் கூறியிருக்கிறது.

அப்படியானால் அந்த ஆயிரம் ரூபாய் எங்கே போகிறது? விற்றவருக்குக் கமிஷன், அவரைச் சேர்த்துவிட்டவருக்குப் பங்கு, அவருக்கும் மேலே உள்ளவருக்குப் பங்கு, கூட்டம் நடத்திய மண்டப வாடகை, பளபளக்கும் அட்டைப்பெட்டி. எல்லோருக்கும் போன பிறகு மிஞ்சுவதில்தான் பழம் விளைவித்தவருக்குக் கூலி. கொய்யா விற்கும்போது தரகுக்காகச் சண்டை போடும் விவசாயி, சாறு வாங்கும்போது நான்கு அடுக்குத் தரகைக் கேள்வி கேட்காமல் கொடுத்துவிடுகிறார்.

மாத்திரையை நிறுத்த வேண்டாம்

பணம் போனால் அடுத்த வெள்ளாமையில் சம்பாதிக்கலாம். சர்க்கரை வியாதிக்காரர் மாத்திரையையோ ஊசியையோ நிறுத்திவிட்டுச் சாற்றை நம்பினால், காலில் பட்ட சிறு முள் குத்துக்கூட ஆறாத புண்ணாகி விரலை எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோய்விடலாம். வெறுங்காலோடு சேற்றிலும் கரம்பிலும் நடப்பவருக்கு இந்த ஆபத்து அதிகம். இரத்தக் கொதிப்புக்காரர்கள் மருந்தை நிறுத்தினால் பக்கவாதம் வரக்கூடும். காச நோய்க்கும் புற்றுநோய்க்கும் சிகிச்சை தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் விலை உயர்ந்தது.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மேலும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பொட்டாசியம் சத்தைக் குறைத்துச் சாப்பிடும்படி மருத்துவர் சொல்லியிருந்தும், ஓர் அமெரிக்க நோயாளிக்கு இரத்தத்தில் பொட்டாசியம் ஏறிக்கொண்டே போனது. அவர் நோனிச் சாறு குடித்து வந்தது பிறகு தெரிந்தது. அந்தச் சாற்றைச் சோதித்தபோது ஆரஞ்சு, தக்காளிச் சாறுகளில் உள்ள அளவுக்குப் பொட்டாசியம் இருந்தது. 2000-ல் மருத்துவ இதழில் வெளியான செய்தி இது. "மூலிகைதானே, என்ன செய்துவிடும்?" என்று நினைப்பவர்களுக்கு இது ஒரு பாடம். எந்தச் சாறு குடித்தாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இதே அளவுகோல் நெல்லிக்கும் கொய்யாவுக்கும் வேலியோர நுணாவுக்கும் பொருந்தும். நெல்லிக்காய் நல்ல உணவு. மாத்திரைக்கு மாற்று அல்ல. வெளிநாட்டுப் புட்டியைத் தள்ளிவிட்டு, வேலியில் பறித்த நுணாப் பழத்தைப் பிழிந்து புற்றுநோய்க்குக் கொடுத்தால் அதுவும் அதே தவறுதான்.

வீட்டுக்கு ஐந்து மரம்

கிணற்றடியிலும் வாய்க்கால் ஓரத்திலும் ஐந்து மரத்துக்கு இடமில்லாத தோட்டம் குறைவு. ஒரு கொய்யா, இரண்டு நெல்லி, ஒரு எலுமிச்சை, ஒரு முருங்கை இருந்தால் போதும். இடையில் இரண்டு பப்பாளி நின்றால் இன்னும் நல்லது.

கொய்யாவுக்கு நீள, அகல, ஆழம் 45 செ.மீ. உள்ள குழி எடுத்து, மேல்மண்ணுடன் மட்கிய தொழு உரம் கலந்து நிரப்பிப் பதியன் கன்றை நடலாம். நெல்லிக்குக் குழி பெரிதாக, ஒரு மீட்டர் அளவில் இருக்க வேண்டும். ஒட்டுக் கன்றே நல்லது. நெல்லியில் ஒரே இரகத்தை மட்டும் நட்டால் காய்ப்பிடிப்புக் குறையும். ஆதலால் இரண்டு மரத்தையும் இரண்டு இரகமாகப் பார்த்து வாங்குவது நலம். முருங்கைக் கீரையிலும் வைட்டமின் சி 100 கிராமுக்குச் சுமார் 100 மில்லி கிராம் இருக்கிறது. ஆனால் வேக வைக்கும்போது அதில் ஒரு பகுதி போய்விடும். எனவே பச்சையாகத் தின்னக்கூடிய கொய்யாவும் நெல்லியும் வீட்டில் இருப்பது அவசியம்.

சந்தையில் விலை இறங்கியபோது கூடைக்கு வந்த காசுக்குத் தள்ளிவிடும் பழத்தில் ஒரு பங்கை வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒதுக்கினாலே புட்டிச் சாற்றுக்குத் தேவை இராது. விற்பதற்கு ஆகாத கீறல் பழத்திலும் சத்துக் குறைவதில்லை.

நோனிக் கன்று நடலாமா?

சாறு விற்க வருபவர் சில சமயம் கன்றும் விற்க வருவார். "நட்டுவிடுங்கள், பழத்தை நாங்களே எடுத்துக்கொள்கிறோம்" என்பார். மரம் வளரும் என்பதில் ஐயமில்லை. பழத்தை வாங்க ஆள் இருப்பாரா என்பதே கேள்வி. கொய்யாவை ஒரு வியாபாரி வாங்காவிட்டால் இன்னொருவர் வாங்குவார். யாரும் வாங்காவிட்டால் வீட்டில் தின்னலாம். நாற்றமடிக்கும் நோனியைக் கன்று விற்றவர் வாங்க வராவிட்டால் எந்தச் சந்தையில் கொண்டுபோய் வைப்பது?

நோனி விளையும் பிரெஞ்சுப் பாலினேசியத் தீவுகளிலேயே ஏற்றுமதி ஒரு காலத்தில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு பெரிதும் சரிந்தது. முதலில் சந்தையைப் பிடித்த மொரிண்டா நிறுவனம் 2018-ல் வேறொரு நிறுவனத்துடன் சேர்ந்தது. அந்த நிறுவனம் 2022-ல் கடன் தாங்காமல் திவால் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்தை நாடியது. பிரேசில் நாட்டு அசாயிப் பழச் சாற்றை இதே சங்கிலி முறையில் விற்ற மோனாவி நிறுவனம் 2005-ல் தொடங்கி 2015-ல் கடனில் மூழ்கியது. நிறுவனத்தின் ஆயுள் பத்து ஆண்டு. மரத்தின் ஆயுள் அதைவிட அதிகம். நம் கொங்கு நாட்டில் ஈமுக் கோழியை நம்பி முன்பணம் கட்டியவர்கள் 2012-ல் பட்ட பாட்டையும் மறந்துவிடக் கூடாது. அங்கும் கோழி வளர்ந்தது. வாங்க வேண்டியவர்தான் காணாமல் போனார்.

கேட்க வேண்டிய கேள்விகள்

புட்டியோ கன்றோ எது வந்தாலும் கீழ்க்கண்டவற்றைக் கேட்டுவிட்டுப் பிறகு மடியை அவிழ்ப்பது நல்லது.

1. எந்த நோயைத் தீர்க்கும் என்று வாயால் சொல்கிறாரோ, அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவாரா? சர்க்கரை, புற்றுநோய் போன்றவற்றைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. எனவே தர மாட்டார்.

2. புட்டியில் அந்தப் பழத்தின் சாறு நூற்றுக்கு எத்தனை பங்கு? மீதி என்ன?

3. இதே சத்து நம் ஊர்ப் பழத்தில் என்ன விலைக்குக் கிடைக்கும்?

4. உறுப்பினராகச் சேரப் பணம் கேட்கிறாரா? ஆள் சேர்த்தால் பணம் என்கிறாரா? ஆள் சேர்ப்பதையே வருமானமாகக் காட்டும் திட்டங்களை 1978-ஆம் ஆண்டுச் சட்டமும், 2021-ல் வந்த நேரடி விற்பனை விதிகளும் தடுக்கின்றன.

5. கன்றானால், பழத்தை வாங்கும் தொழிற்சாலை எங்கே இருக்கிறது? விலை எழுத்தில் இருக்கிறதா? அவர் வாங்காவிட்டால் வேறு யார் வாங்குவார்?

6. பில் தருகிறாரா? பில் இருந்தால் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவது எளிது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் சொல்லலாம்.

விற்க வந்தவர் அயலார் என்றால் இவற்றைக் கேட்பது சுலபம். அக்காள் மகனோ பங்காளியோ என்றால் நாக்கு எழாது. அவனும் முதலில் ஒரு பெட்டிச் சாற்றைப் பணம் கட்டி வாங்கிவிட்டு, அதைத் தள்ள வழி தெரியாமல்தான் வந்திருப்பான். அவனைக் கடிந்து அனுப்ப வேண்டியதில்லை. "இதை நிறுத்திவிட்டு, நம்ம கொய்யாவைத் தரம் பிரித்துப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் விற்றுக் கொடு, கிலோவுக்கு இவ்வளவு உனக்கு" என்று சொல்லிப் பார்க்கலாம். அந்த விற்பனையில் கமிஷனும் அவனுக்குக் கிடைக்கும்; பழமும் பிள்ளைகளின் வயிற்றுக்குப் போகும்; கொய்யா விற்ற பணமும் கொய்யா விளைவித்தவரிடமே தங்கும்.